வெட்டிப் போட்ட பேச்சு

அந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது. என் கடைசிச் சித்தியின் சின்ன மகள், எனக்குத் தங்கச்சி, வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, எங்க வேலை இடத்துல உஷ்ஷுன்னு ஒருத்தர் இருக்கார்" என்றாள்.

"உஷ்ஷா? என்னடி பேரு அது, கோழி வெரட்டற மாதிரி?"

"அவர் வாயிலேர்ந்து வர்றது அது ஒண்ணுதான். அதையே பேரா வெச்சுட்டோம்."

"கோபக்காரரோ?"

"கோபமெல்லாம் இல்ல. சத்தம் ஆகாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, ஈரப் போர்வையை உதறுகிற சாக்கில் முகத்தை அதற்குப் பின்னால் கொண்டுபோனாள். சங்கதி எனக்கு விளங்கிவிட்டது.

அவள் வேலை பார்த்தது கண் தெரியாதவர்களுக்கான நூலகத்தில். அங்கே அலமாரியில் புத்தகம் குறைவு, குரல்தான் அதிகம். பாடப் புத்தகமோ கதைப் புத்தகமோ, ஒருத்தர் உட்கார்ந்து வாய்விட்டு வாசிப்பார். இன்னொருத்தர் அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வார். கேட்க வருகிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு போவார்கள். வாசிக்கிறவள் தங்கச்சி. பதிவு செய்கிறவர் அந்த உஷ்.

நானும் அந்த அறையைப் பார்த்திருக்கிறேன். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும். கதவுக்கு உட்புறம் கம்பளி தொங்கும். வாசிக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுவார்கள், அந்தச் சத்தமும் பதிவில் விழுமாம். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பழைய இரும்புக்கடை. அங்கே சுத்தியல் விழ ஆரம்பித்தால், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற இவர் விரலை உதட்டில் வைப்பார். சுத்தியல் ஓயும் வரைக்கும் அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வாசித்து முடித்த பிறகு அவர் அத்தனையையும் மறுபடி கேட்டு, இருமல், செருமல், தண்ணீர் குடித்த சத்தம், நடுவில் பேசிய பேச்சு எல்லாவற்றையும் வெட்டி அழித்துவிடுவார். கேட்கிறவர்களுக்குப் புத்தகம் மட்டும்தான் போய்ச் சேரும்.

அந்தக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் இருந்தபடியே பழகி, கல்யாணமும் செய்துகொண்டார்கள். "மாப்பிள்ளை வாயே திறக்க மாட்டேங்கிறாரேடி" என்று சித்தி குறைப்பட்டபோது, "நான் பேசறதைக் கேக்கறதுக்கே சம்பளம் வாங்கறவரும்மா, உனக்கு வேற எங்க இப்படி ஒருத்தர் கிடைப்பார்?" என்றாள். பிள்ளை குட்டி இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் யாரிடமும் குறை சொன்னதும் இல்லை.

அவர் நிதானக்காரர். எதையும் பார்த்துப் பார்த்துச் செய்வார். அந்தக் கம்ப்யூட்டரிடமும் அப்படித்தான். அதற்குள்ளே ஒரு தட்டு சுற்றுமாம், எல்லாக் குரலும் அதில்தான் இருக்குமாம். எந்தக் குரல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கும். கரன்ட் திடீரென்று போனால் அந்தக் கணக்கு குழம்பிவிடும். அதனால் அவ்வப்போது தலையிலிருந்து கால்வரை அது தன்னைத்தானே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு டிஸ்க் செக் என்று பெயர். அரை நாள்கூடப் பிடிக்கும். அது முடிகிறவரை வேறு வேலை ஓடாது.

எப்போது வைப்பது என்பதில்தான் அங்கே இழுபறி. காலையில் மெஷினைப் போட்டதும் வைத்தால் என்ன என்று நூலகத்தில் சிலர் கேட்டிருக்கிறார்கள். இவர் ஒப்பவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடமே சொன்னார்.

"மனுஷங்க வந்து காத்துக்கிட்டிருக்கும்போது அதைப் படுக்க வெச்சுப் பார்க்கக் கூடாது அண்ணி. விடுமுறை அன்னிக்குப் போய் வெச்சுட்டா அதுக்கும் அவசரம் இல்ல, நமக்கும் அவசரம் இல்ல."

தங்கச்சி குழம்பை ஊற்றிக்கொண்டே, "கேட்டியாக்கா? எனக்குக் காய்ச்சல்னா நெத்தியில கை வெச்சுப் பார்க்க ஆள் இல்ல. அந்த டப்பாவுக்கு மாசா மாசம் உடம்பு பார்க்கறார்" என்றாள்.

"அதுக்கு வாய் இல்ல. நீதான் சொல்லிடுவியே" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தோம்.

அவள் போனது அப்படி ஒரு விடுமுறை நாளில்தான். அவர் நூலகத்தில் தனியாக உட்கார்ந்து, திரையில் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் விட்டுவிட்டு வரக் கூடாதாம். நான் இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஓய்வெடுக்கிறாள் என்று நினைத்துக் கூப்பிட்டேன். மாரடைப்பு என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். வலி வந்து கொஞ்ச நேரம் போராடியிருப்பாள் என்றும் சொன்னார். அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

"முடிஞ்சதும் கிளம்பலாம்னு இருந்தேன் அண்ணி" என்றார். வந்தவர்களிடமெல்லாம் அதே வார்த்தை. "முடிஞ்சதும் கிளம்பலாம்னு இருந்தேன்."

அதற்குப் பிறகு விடுமுறை நாளில் அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. வேலை நாளில் தவறாமல் போனார். தனியாளுக்கு என்ன சமையல் வேண்டிக்கிடக்கிறது என்று நான் மதியச் சாப்பாடு கட்டிக் கொண்டுபோவேன். சில நாள் காலையிலேயே போய்விடுவேன். அப்போது பார்ப்பேன். மெஷினைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும். கீழே ஓர் எண் குறைந்துகொண்டே வரும். அது பூஜ்யத்துக்கு வருவதற்குள் அவர் சட்டென்று ஒரு பொத்தானைத் தட்டுவார்.

"என்ன தம்பி கேக்குது அது?"

"சரிபார்க்கட்டுமான்னு கேக்குது."

"பார்க்கட்டுமே."

"இன்னிக்கு வேண்டாம் அண்ணி."

தினமும் அது கேட்டது. தினமும் அவர் இன்றைக்கு வேண்டாம் என்றார். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருக்கிறவரிடம் எதைக் கேட்பது?

முதலில் கண்டுபிடித்தது போர்டுக்காரி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள், ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் வேலை. அந்த வருஷம் மேல்வேலைக்கான பரீட்சை எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி வாசித்த பாடங்கள்தான் அவளுக்குப் பாடப் புத்தகம். நான் சாப்பாட்டுப் பையோடு உள்ளே போனபோது அவள் மேசைமேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"சார், ஆறுகள் பாடத்துல அக்கா நடுவுல பேசறாங்க."

"பாடத்தைத்தான் வாசிப்பாங்க" என்றார்.

"பாடம் இல்ல சார். வேற பேச்சு. போன மாசம் இதே பாடத்தை வாங்கிட்டுப் போனேன், அப்ப இல்ல. இப்ப இருக்கு."

அவர் முகம் மாறியது. "நான் வெட்டினதுல எதுவும் விட்டுப் போகாது" என்றார்.

"போட்டுக் காட்டுங்க சார்."

போட்டார். தங்கச்சியின் குரல் அந்த அறையை நிறைத்தது. ஆறு மலையிலிருந்து இறங்குவதையும், சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைவதையும், வண்டலைப் படியவிடுவதையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக்கொண்டு வந்தாள். திடீரென்று ஒரு கீறல் சத்தம். பிறகு அதே குரல், ஆனால் வாசிக்கிற குரல் இல்லை, வீட்டுக் குரல்.

"ஃபேனைப் போடுங்களேன். ஒரே ஒரு நிமிஷம்."

மறுபடி கீறல். ஆறு கடலில் கலந்துகொண்டிருந்தது.

அவர் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் போய் ஃபேன் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

போர்டுக்காரி தலையைத் தூக்கி, ஃபேன் சுற்றுகிற பக்கம் காதைத் திருப்பினாள்.

அன்றிலிருந்து அவர் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க ஆரம்பித்தார். இன்னும் வந்தது. சட்டப் பாடம் ஒன்றில், "இந்த வரியை யாருங்க எழுதினது, மூச்சு விடவே இடம் இல்ல." கதை ஒன்றில் சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. இன்னொன்றில், "நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போகணும், ஞாபகம் இருக்கா?" அந்த அக்கா நான்தான். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே நானும் உட்கார்ந்து கேட்டேன்.

நூலகத் தலைவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பெண்ணை வரவழைத்தார். தோளில் பை, காதுக்குப் பின்னால் பேனா. மெஷினைக் கொஞ்ச நேரம் நோண்டிப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், கரன்ட் போய்ப் போய் வந்திருக்கு. கணக்கெல்லாம் குழம்பிக் கிடக்கு. காலையில இது கேக்கலையா?"

"கேக்கும்."

"நீங்க?"

"வேண்டாம்னு தட்டிடுவேன்."

அவள் கோபப்படவில்லை. எனக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். "நீங்க அழிச்சது எதுவும் அப்பவே காணாமப் போயிடாது. அந்த இடம் காலின்னு குறிச்சு வெச்சுக்கும், அவ்வளவுதான். அது மேல வேற ஏதாவது எழுதற வரைக்கும் பழசு அங்கயே கிடக்கும். இப்ப கணக்கு தப்பாப் போனதால, பாடம் ஓடிக்கிட்டே போய் வழி தவறி அந்தக் காலி இடத்துக்குள்ள நுழையுது. நீங்க வெட்டிப் போட்ட பேச்சுதான் சார் இதெல்லாம்."

"இப்படியே விட்டா இன்னும் வருமா?"

இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்த்திருக்க மாட்டாள். என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வரலாம் சார். ஆனா அது ஒவ்வொண்ணா வர வர, பாடத்துல ஒவ்வொரு துண்டா போகும். ரொம்ப நாள் விட்டா மொத்தமும் போகும்."

"தனியாத் தேடி எடுக்க முடியாதா?"

"எது மிஞ்சியிருக்குன்னே தெரியாது. பாதிக்கு மேல வேற எழுதியாச்சு. இந்த டிஸ்க்கும் பழசு, கழட்டித் தேடினா தாங்குமான்னு சொல்ல முடியாது. முதல்ல இருக்கறதை நகல் எடுப்போம், அப்புறம் செக் வெப்போம். எப்ப வெச்சுக்கலாம்?"

"சொல்லி அனுப்பறேன்" என்றார்.

சொல்லி அனுப்பவில்லை. தலைவர் கேட்டால், அடுத்த வாரம் என்பார். காலையில் மெஷின் கேட்கும், அவர் தட்டுவார். முன்பு தட்டியது அந்த விடுமுறை நாளை நினைத்து. இப்போது தட்டியது அவள் இன்னும் ஏதாவது பேசமாட்டாளா என்று. அந்த வித்தியாசம் விரலிலேயே தெரிந்தது. முன்பெல்லாம் சுட்டுக்கொண்டவர் மாதிரி வெடுக்கென்று தட்டுவார். இப்போது பொறுமையாக, எண் கடைசிக்கு வரும்வரை வைத்திருந்து தட்டினார்.

ஒரு மதியம் நான் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். போட்டார்.

ஏதோ வரலாற்றுப் பாடம். யாரோ ஒரு ராஜா கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். கீறல். பிறகு தங்கச்சி, சன்னமாக, மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசின மாதிரி: "நெஞ்சுக்குள்ள ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்குங்க. நேத்துகூட..."

கீறல். கோட்டைக்கு நான்கு வாசல்.

"நேத்துகூட என்ன அண்ணி?" என்றார்.

நான் சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தேன்.

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"சொல்லல தம்பி. சொல்லியிருந்தா நானே இழுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போயிருப்பேனே."

"எங்கிட்ட சொல்லியிருக்கா." திரையைப் பார்த்தபடியே பேசினார். "வெட்டினது நான். காதுல விழாம வெட்ட முடியாது. எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு கேட்டாத்தான் வெட்ட முடியும். கேட்டிருக்கேன். கேட்டுட்டு வெட்டியிருக்கேன். என்ன பதில் சொன்னேன்னு ஞாபகம் வரல."

"ஏதாவது சொல்லியிருப்பீங்க தம்பி."

"என்ன சொல்லியிருப்பேன்? உதட்டுல விரலை வெச்சிருப்பேன்."

அதற்குப் பிறகு அவருக்கு அந்த மிச்ச வாக்கியம்தான் உலகம். நேற்றுகூட என்ன? மயக்கம் வந்ததா, வலி வந்ததா, அல்லது நேற்றுகூட நீங்கள் கவனிக்கவில்லை என்றாளா? எந்தப் பாடத்துக்குள் போய் அது ஒட்டியிருக்கிறதோ என்று ஒவ்வொன்றாகப் போட்டார். சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். பாடங்களும் இளைத்தன. கேட்க வந்தவர்கள், பாதியில் நின்றுபோகிறது, ஒன்றுமே கேட்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மறுபடி வாசித்துக் கொடுக்க ஆளும் இல்லை, போர்டுக்காரியின் பரீட்சைக்கு நாளும் இல்லை.

அவள் நேராக வந்தாள். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். நான் இருப்பது அவளுக்குத் தெரியும், என் வளையல் சத்தம் அவளுக்கு அத்துப்படி.

"பெரியக்காவும் இருக்கட்டும். சார், வரலாற்றுல ஏழு பாடத்துல மூணுதான் இப்ப முழுசா இருக்கு."

"தெரியும்மா."

"ரிப்பேர் அக்கா வந்துட்டுப் போனதும் தெரியும். ஏன் வைக்கலைன்னும் தெரியும். முதல்ல அந்தப் பேச்சைக் கேட்டதே நான்தானே."

அவர் ஓடிக்கொண்டிருந்த பாடத்தை நிறுத்தினார்.

"உங்ககிட்ட பேசினதெல்லாம் உங்களோடது சார், அதுல எனக்குப் பங்கு இல்ல. ஆனா எனக்காக வாசிச்சாங்களே, அது என்னோடது. ஃபேனை நிறுத்திட்டு வேர்த்து வேர்த்து வாசிச்சது. அதைத் தின்னுதான் இது வெளிய வருது. உங்களோடதை எடுத்துக்கறதுக்கு என்னோடதைத் தின்னக் குடுக்கறீங்களே."

எனக்கு அவளை அதட்டத் தோன்றியது. வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"இன்னும் ஒரு வாக்கியம்தான்மா பாக்கி" என்றார். கெஞ்சுகிற குரல். அந்த மனுஷன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"அது வந்துட்டா அதுக்கு அடுத்தது வேணும்பீங்க" என்றாள் அவள். குரலில் கடுமை இல்லை. "எனக்கும் அவங்க குரல் கேக்கக் கேக்க அப்படித்தான் சார் இருக்கு."

பிறகு அவர் போனை எடுத்து ரிப்பேர்ப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"விடுமுறை அன்னிக்கு வெச்சுக்கலாமா சார்? உங்களுக்கு அதுதானே வசதி?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"வேண்டாம். வேலை நாள்ல வாங்க. எல்லாரும் இருக்கும்போது வைங்க."

அப்படியே வைத்தார்கள். வழக்கமாக வருகிறவர்கள் வந்து, இன்றைக்கு எதுவும் கிடைக்காது என்று தெரிந்தும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். போர்டுக்காரி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ரிப்பேர்ப் பெண் முதலில் கெடாமல் இருந்த பாடங்களை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தாள்.

"நடுவுல வந்த பேச்செல்லாம் தனியா எடுத்துத் தரட்டுமா சார்? இதுவரைக்கும் வந்தது வரும். அதுக்கு மேல வராது."

"இதுவரைக்கும் வந்தது எனக்கு மனப்பாடம். அது கையில இருந்தா அதையே போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். வேண்டாம்மா."

திரையில் எழுத்து வந்தது, எண் குறைய ஆரம்பித்தது. அவர் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். எண் பூஜ்யத்துக்கு வந்தது. அவர் வெளியே வந்து எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். எதிர்க் கடையில் சுத்தியல் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து ரிப்பேர்ப் பெண் அவ்வப்போது பாதி ஆச்சு, முக்கால் ஆச்சு என்று குரல் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் தன் வீடு இருக்கிற தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எழுந்து ஓடிவிடுவாரோ என்று நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் வரலாற்றுப் பாடத்தைப் போட்டார்கள். ராஜா கோட்டை கட்டினான். நெஞ்சைப் பற்றிச் சொன்ன இடம் வந்தது. அங்கே கீறல் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு ஆள் மூச்சை இழுத்து விடுகிற நேரத்துக்கு வெறும் அமைதி. அப்புறம் கோட்டைக்கு நான்கு வாசல்.

"இந்த இடத்துல ஒரு வரி போயிருக்கு. பரவால்ல, யாரையாவது கேட்டுக்கறேன்" என்றாள் போர்டுக்காரி. பரீட்சையில் அவள் தேறினாள், அது தனிக் கதை.

அவர் அந்த அமைதியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டார்கள். தலையைச் சாய்த்துக் கேட்டார். உள்ளே ஏதோ இருக்கிற மாதிரிதான் கேட்டார். பிறகு சாப்பிடலாம் அண்ணி என்றார்.

சில மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். விடுவதற்கு முன்னால், அடுத்து வந்தவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தார். நகலை முதலில் எடுக்கணும், மெஷின் கேட்டால் தட்டிவிடக் கூடாது, ஆட்கள் இருக்கிற பகல் நேரத்திலேயே செக் வைக்கணும், காத்திருக்கிறவர்கள் காத்திருக்கட்டும் என்றார். அந்த வாக்கியத்தின் மீதியைப் பற்றி என்னிடம் அவர் மறுபடி பேசியதில்லை. ஆனால் சாப்பிடும்போது சில நாள் பிசைந்த கை நின்றுவிடும். எதையோ உற்றுக் கேட்கிற முகமாக இருக்கும். நான் பாத்திரம் நகர்த்துவதைக்கூட நிறுத்திவிடுவேன்.

இப்போது அவர் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் இருக்கிறார்.